தோள் பையா, சட்டைப் பையா? கொங்கு போட்டோகிராபர்கள் தினமும் நம்பும் கேமரா எது?

கல்யாண மண்டப வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, தோளில் பெரிய பையோடு வேகமாக உள்ளே போகும் போட்டோகிராபரை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். "ஏனுங்ணா, தினமும் நீங்க எந்தக் கேமராவுல படம் எடுக்கறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர் கை தோள் பைக்குப் போகாது. சட்டைப் பைக்குத்தான் போகும். ஆமாம், செல்போன்தான்!

மகளின் பள்ளி ஆண்டு விழா, தோட்டத்தில் கன்று போட்ட மாடு, போகிற வழியில் நொய்யலில் தண்ணீர் வந்த அழகு, டீக்கடையில் நண்பர்கள்... எல்லாமே அவருக்கும் போனில்தான். அப்படியானால் லட்சக்கணக்கில் கடன் வாங்கி, மாதம் தவறாமல் தவணை கட்டி அந்தப் பையை எதற்குச் சுமக்கிறார்? 'அன்றாடம்' என்ற சொல்லுக்கு அவரிடம் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, தனக்காக எடுக்கிற படம். இன்னொன்று, பிழைப்புக்காக எடுக்கிற படம். முதல் வகைக்குப் போன் போதும். இரண்டாவதில் போன் நுழைந்த இடமும் உண்டு, வாசலிலேயே நின்றுவிட்ட இடமும் உண்டு.

இணைச்சீருக்கு ரீ-டேக் கிடையாது

கொங்கு வட்டாரத்தில் கேமராவுக்குப் பெரிய பரீட்சை கல்யாணம்தான். விடிகாலை முகூர்த்தம். வெளியே இருட்டு, உள்ளே டியூப் லைட், மணவறையில் மஞ்சள் விளக்கு, மேலே புகை. போதாததற்கு வீடியோகாரரின் எல்.இ.டி. விளக்கு முகத்தில் அடிக்கும். ஒரே சட்டத்துக்குள் நான்கு நிறத்தில் வெளிச்சம்! இதில் பட்டுப்புடவையின் அரக்கு அரக்காகவே வர வேண்டும். வரவில்லை என்றால் ஆல்பம் வந்த அன்று பெண்ணின் அம்மா கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

இங்கே சடங்குகளும் அதிகம். அருமைக்காரர் முன்னின்று நடத்தும் சீர்கள், மாப்பிள்ளையின் சகோதரிக்கு உரிய இணைச்சீர், மங்கல வாழ்த்து என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான். தாலி கட்டும்போதாவது, "மாப்பிள்ளை, கொஞ்சம் இப்படிப் பாருங்க" என்று ஒரு நொடி நிறுத்தச் சொல்லும் துணிச்சல் நம் போட்டோகிராபர்களுக்கு உண்டு. இணைச்சீரில் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கண் கலங்குவதை எப்படி நிறுத்தி, மறுபடி கலங்கச் சொல்வது?

அதனால் கல்யாணம் எடுப்பவர்கள் கேமராவில் முதலில் பார்ப்பது மெகாபிக்சல் அல்ல. மெமரி கார்டு போடும் இடம் ஒன்றா, இரண்டா என்பதைத்தான். இரண்டு இருந்தால் ஒரே படம் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதிவாகும். ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும். 2012-ல் வந்த கேனான் 5டி மார்க் 3, 2014-ல் வந்த நிக்கான் டி750, 2018-ல் வந்த சோனி ஏ7 மார்க் 3 மூன்றும் உலகம் முழுக்கக் கல்யாணக்காரர்களின் உழைப்புக் குதிரைகள் ஆனதற்கு இந்த இரட்டைக் கார்டும் ஒரு காரணம். இத்தனைக்கும் சோனி 2013-ல் கொண்டுவந்த முதல் ஏ7-ல் ஒரே ஒரு கார்டுதான் போட முடியும். படம் அருமையாக வந்தும் கல்யாணக்காரர்கள் பலர் தயங்கி நின்றது அதனால்தான்.

அடுத்து பேட்டரி. டி750-ஐ ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 1,230 படங்கள் எடுக்கலாம் என்று கம்பெனி கணக்கு சொன்னது. நடைமுறையில் அதைவிடக் கூடவே வரும். ஏ7 மார்க் 3-க்கு அந்தக் கணக்கு 710 படங்கள். விடிகாலை 4 மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்து, மதியம் பந்தி முடியும் வரை நிற்பவருக்கு இந்த எண்கள் சோற்றுக் கணக்கு மாதிரி.

இன்னொரு காரணத்தை எந்த விளம்பரமும் சொல்லாது. பக்கத்து ஊர் நண்பரிடம் என்ன லென்ஸ் இருக்கிறது என்பதுதான் அது. ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் வந்தால் லென்ஸ் கைமாற்று வாங்க வேண்டும். நண்பர் கேனான் வைத்திருந்தால் நீங்களும் கேனான். அவர் நிக்கான் என்றால் நீங்களும் நிக்கான். ஊருக்கு ஊர் ஒரு கம்பெனி கொடிகட்டிப் பறப்பதன் ரகசியம் பெரும்பாலும் இந்தக் கைமாற்றுதான். கூடவே, ரிப்பேர் என்றால் எந்தக் கடைக்காரருக்கு எந்த கம்பெனி கைவந்தது என்பதும். கேமரா வாங்குவது கல்யாண சம்பந்தம் மாதிரி. பெட்டியை மட்டும் பார்த்துச் செய்ய முடியாது, சொந்தபந்தத்தையும் பார்க்க வேண்டும்.

மர டப்பாவும் ஊட்டி ஃபிலிமும்

கோவைக்கும் கேமராவுக்குமான உறவு இன்று நேற்று வந்ததல்ல. ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு சினிமா புரொஜெக்டரை விலைக்கு வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டவர். அவர் 1914-ல் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால், இன்றும் ஒரு சாலையின் பெயராக நிற்கிறது. கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடுவுக்கு பஸ், மோட்டார், ரேஸர் எந்த அளவு பிடிக்குமோ அந்த அளவு கேமராவும் பிடிக்கும். 1936-ல் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தவர். கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி ஒன்றும் அவருடைய கண்டுபிடிப்புகளின் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் அன்றைய சாதாரண ஸ்டூடியோக்காரரின் அன்றாடக் கேமரா வேறு. மூன்று கால் ஸ்டாண்டின் மேல் மரப்பெட்டி, முன்னால் லென்ஸ், நடுவில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு, பின்னால் கறுப்புத் துணி. அந்தத் துணிக்குள் தலையை விட்டுத்தான் போட்டோகிராபர் உங்களைப் பார்ப்பார். அதுவும் தலைகீழாக!

துருத்தி என்றதும் ஒரு சுவாரஸ்யம். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் வரும் கேரளத்தின் ஆலப்புழாவில், 1940-களில் இந்த மரக் கேமராக்களை ஒரு குடும்பம் தயாரிக்க ஆரம்பித்தது. 'வாகீஸ்வரி' என்று பெயர். அந்தக் குடும்பத்தின் தொழில் ஆர்மோனியம் செய்வது. கிழிந்த கேமராத் துருத்தியை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவரிடம் இருந்துதான் கதை தொடங்குகிறது. ஆர்மோனியத் துருத்தி மடிக்கத் தெரிந்த கைக்குக் கேமராத் துருத்தி மடிப்பதா கஷ்டம்? கருணாகரன் என்ற இளைஞர் அதைச் சரிசெய்து கொடுத்தார். பிறகு முழுக் கேமராவையே செய்துவிட்டார். அது இந்தியா முழுக்க ஸ்டூடியோக்களுக்குப் போனது. உங்கள் தாத்தா பாட்டி விறைப்பாக நிற்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒரு வாகீஸ்வரியில் எடுத்ததாக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

அந்தப் பக்கம் ஆலப்புழா என்றால் இந்தப் பக்கம் ஊட்டி. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால், தூசு குறைந்த குளிர்ந்த காற்றில், ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் இருந்தது. 1960-ல் தொடங்கி, பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம், போட்டோ பேப்பர், ஆஸ்பத்திரிகளுக்கான எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. தொழிற்சாலை இருந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர். டிஜிட்டல் வந்ததும் கேமராக்காரர்கள் கார்டுக்கு மாறினார்கள். இந்து நகரின் தொழிலாளர்களுக்கு அப்படி மாறிக்கொள்ள எதுவும் இருக்கவில்லை. ஒரு கேமரா வழக்கொழிந்தால் அதனுடன் ஓர் ஊரின் சம்பளநாளும் போய்விடும் என்பதற்கு நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2012-ல் கோடக் திவாலானதை உலகமே பேசியது. நம் மலைமேல் நடந்ததை அவ்வளவாக யாரும் பேசவில்லை.

ஃபிலிம் காலத்தில் அன்றாடப் படம் என்பதே ஆடம்பரம். இந்தியாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 நடுத்தர வீடுகளின் முதல் கேமரா. ஒரு சுருளில் 12 படம், அவ்வளவுதான். வசதியுள்ள வீட்டில் யாஷிகா. வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. ஊட்டிக்குச் சுற்றுலா போய், அந்த 12 படத்தில் நான்கை மிச்சம் வைத்து, அடுத்த பொங்கலுக்கு எடுத்து முடித்த பிறகுதான் சுருள் கழுவப் போகும். பொங்கலன்று பிறந்த கன்றுக்குட்டிக்குப் பக்கத்திலேயே ஊட்டி படகு இல்லம் இருப்பது பழைய ஆல்பங்களில் சகஜம்.

கிருஷ்ணனின் 'சூப்பர் பாண்டெரோசா'

எது நல்ல கேமரா என்ற சண்டைக்கு என்னைக் கேட்டால், நான் மா.கிருஷ்ணனின் பெயரைச் சொல்வேன். தமிழ் நாவலாசிரியர் அ.மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்த இயற்கையியலாளர். முதுமலை உள்ளிட்ட காடுகளில் நடந்தும், யானை மேல் ஏறியும் காட்டு யானைகளைப் படம் எடுத்தவர். அவருடைய கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு கம்பெனியின் உடல், வேறொரு கம்பெனியின் லென்ஸ், மிச்சம் அவரே கோத்துச் சேர்த்த பாகங்கள். அந்தக் கனத்த கூட்டாஞ்சோற்றுக்கு அவர் வைத்த கிண்டல் பெயர்தான் 'சூப்பர் பாண்டெரோசா'. கலர் ஃபிலிம் வந்து பல காலம் ஆன பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. வசதியான தொலைநோக்கு லென்ஸ்கள் பரவிய பிறகும் தன் டப்பாவை விடவில்லை. யானை எப்போது காதை விரிக்கும், எப்போது திரும்பும் என்பது அவருக்குத் தெரியும். கேமராவின் எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்பது அவர் விரலுக்குத் தெரியும்.

போட்டோகிராபர்கள் ஒரு கேமராவை 'நம்புகிறேன்' என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். கண்ணை எடுக்காமலே கை வேலை செய்ய வேண்டும். பிரான்ஸின் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸான் வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு சின்ன லைகாவிலும் 50 மி.மீ. லென்ஸிலுமே ஓட்டினார். அமெரிக்காவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாக வேலை செய்த விவியன் மேயர், கழுத்தில் ஒரு ரோலிஃப்ளெக்ஸோடு தெருத்தெருவாக நடந்து எடுத்த படங்கள் 2007-ல் ஏலத்தில் வெளிப்பட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவல்லாவும் ரோலிஃப்ளெக்ஸ் தூக்கியவர்தான். அந்தக் கேமராவில் ஒரு வசதி: வயிற்றருகே வைத்து, தலையைக் குனிந்து பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவருக்குத் தன்னைக் குறிவைக்கிறார்கள் என்ற பயமே வராது. இன்று போனைக் குனிந்து பார்க்கும் நமக்கும் அதே வசதி இருக்கிறது. நாம்தான், "எல்லோரும் இங்க பாருங்க" என்று கத்தி அதைக் கெடுத்துக்கொள்கிறோம்.

காட்டை விட்டுக் குளத்துக்கு வருவோம். சிங்காநல்லூர் குளம், உக்கடம் பெரியகுளம், சூலூர் குளம் என்று ஞாயிறு காலைகளில் பறவை பார்க்கக் கிளம்பும் கூட்டம் இப்போது பெருகியிருக்கிறது. திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஈரோட்டின் வெள்ளோடு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே சேர்ந்துவிட்டது. இந்தக் கரைகளில் பெரிய வெள்ளை லென்ஸ்காரர்களுக்கு நடுவே, கறுப்பாக, ஒரே துண்டாக, மூக்கு நீளும் கேமரா ஒன்றைப் பார்க்கலாம். 2015-ல் வந்த நிக்கான் பி900 அந்த வகை. 83 மடங்கு ஜூம். அதன் தம்பி பி1000-க்கு 125 மடங்கு. சென்சார் என்னவோ சின்னதுதான். மங்கிய வெளிச்சத்தில் படம் மணல் மணலாக வரும். போட்டிக்கு அனுப்பினால் நடுவர் முகம் சுளிப்பார். ஆனால் குளத்தின் நடுவில் இருக்கும் வாத்து எந்த வாத்து என்று அடையாளம் கண்டு பதிவுசெய்ய வேண்டிய ஆசிரியருக்கு அதைவிட உதவியான கேமரா கிடையாது. பல லட்சம் ரூபாய் லென்ஸின் வேலையில் பாதியை, அதன் விலையில் சிறு பங்குக்குச் செய்கிறது.

சுமக்கும் எடையும் ஒரு விஷயம். வெள்ளியங்கிரி ஏழு மலை ஏறுகிறவருக்கு மூங்கில் தடியே பாரமாகத் தெரியும் கட்டம் ஒன்று வரும். 1 கிலோ எடையுள்ள நிக்கான் டி850-ஐயும் அதற்குமேல் எடையுள்ள லென்ஸையும் அங்கே தூக்கிக்கொண்டு போவது பக்தியா, பரிகாரமா என்று தெரியாது. 2011-ல் தொடங்கிய ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசை, ரிக்கோ ஜி.ஆர். போன்ற சின்னக் கேமராக்கள் தொழில்முறை போட்டோகிராபர்களின் விடுமுறைக் கேமராவானது இதனால்தான். ரிக்கோ ஜி.ஆர். 3 வெறும் 257 கிராம். ஒரு லென்ஸ்தான், கழற்ற முடியாது, ஜூமும் கிடையாது. கிட்டே வேண்டுமென்றால் நீங்கள்தான் நடந்து போக வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டை விரும்பித்தான் வாங்குகிறார்கள். எக்ஸ்100-ன் புதிய மாடல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும் என்பதால், அன்றாடக் கேமரா என்று அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

போன் செய்யும் வித்தை... அது தடுமாறும் இடம்

2010-ல் உலகம் முழுக்க டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி விற்பனைக்குப் போயின என்கிறது ஜப்பான் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கத்தின் கணக்கு. 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே. போன் சாப்பிட்டது போக மிச்சம் அது!

எப்படிச் சாப்பிட்டது? ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மி.மீ. நல்ல போனின் முக்கிய சென்சாரை அதற்குள் பத்துக்கும் மேல் அடுக்கலாம். அவ்வளவு சின்ன ஜன்னலில் வெளிச்சம் குறைவாகத்தான் நுழையும். அதை ஈடுகட்ட, நீங்கள் ஒருமுறை தொடுவதற்குள் போன் பல படங்களை எடுத்துவிடுகிறது. ஒன்றில் வானம் நன்றாக இருக்கும், இன்னொன்றில் முகம் நன்றாக இருக்கும். அத்தனையையும் கலந்து ஒரு படமாகத் தருகிறது. நாம் பார்ப்பது ஒரு கணத்தின் படம் அல்ல, பல கணங்களின் கூட்டு.

இந்த வித்தை பலிக்காத இடங்களும் உண்டு. போர்ட்ரெய்ட் மோடில் பின்னணியை மங்கலாக்கும்போது, எது தலைமுடி, எது மல்லிகைச் சரம், எது பின்னால் இருக்கும் வாழைமரம் என்று போன் ஊகிக்கிறது. தப்பாக ஊகித்தால் பூச்சரத்தின் ஓரம் கரைந்து போயிருக்கும், ஜிமிக்கி பாதி காணாமல் போகும். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் குதிரை பாயும்போதும், காங்கேயம் காளை கயிற்றை இழுத்துத் துள்ளும்போதும் போன் பெரும்பாலும் ஒரு நொடி பிந்திவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் ஆன்லைன் விற்பனைக்குத் துணி படம் எடுப்பவர்களும் போனை ஓரளவுதான் நம்புகிறார்கள். போன் நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு அழகாக்கும். மெரூன் டி-ஷர்ட் சிவப்பாகத் தெரிந்தால், வாங்கியவர் மறுநாளே திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆரும், நிலையான இரண்டு விளக்கும்தான் சோறு போடுகின்றன.

சினிமாவும் இந்தக் கோட்டை அழித்துப் பார்த்திருக்கிறது. 2012-ல் வந்த பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9', கேனான் 7டி என்ற ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்ட படம். கல்யாண வீட்டில் இருக்கும் அதே வகைக் கேமரா தியேட்டர் திரையை நிரப்பியதைப் பார்த்து, குறும்பட ஆசையில் 7டி வாடகைக்கு எடுத்த இளைஞர்கள் அன்று எத்தனையோ பேர்.

வீட்டில் போனிலேயே எடுப்பவர்களுக்கு, போட்டோகிராபர்கள் வழக்கமாகச் சொல்லும் சில விஷயங்களை இங்கே சொல்லிவிடுகிறேன். முதலில் லென்ஸைத் துடையுங்கள். தாளித்த கையோடு எடுத்த போனில் எண்ணெய்த் தடம் இருக்கும். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் வந்தால் அது தெய்வாம்சம் அல்ல, தேங்காய் எண்ணெய். பருத்தி வேட்டி நுனி போதும். அடுத்து, போனின் முக்கிய லென்ஸ் அகலக் கோணம் கொண்டது. கிட்டே போய் முகத்தை எடுத்தால் மூக்கு பெரிதாகும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்திக்கு உடம்பு இரண்டு சுற்றுப் பெருக்கும். நான்கு அடி பின்னால் போய், 2 மடங்கு ஜூமில் எடுங்கள். சித்தியின் ஆசீர்வாதம் கிடைக்கும்.

பையைக் காப்பாற்றுவது யார்?

ஸ்டூடியோக்காரருக்கு அன்றாடச் செலவுக்குக் காசு கொடுத்தது கல்யாணம் அல்ல, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. இன்று ஆதார் மையத்தில் அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். பாஸ்போர்ட் சேவா மையத்திலும் அவர்களே எடுத்துவிடுகிறார்கள். 'பாஸ்போர்ட் சைஸ்' என்று பெயர் வாங்கிக் கொடுத்த பாஸ்போர்ட்டுக்கே அது தேவைப்படவில்லை. தாலுகா ஊர்களில் ஸ்டூடியோ போர்டுக்குக் கீழே ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் பட்டா என்று வரி வரியாகச் சேர்ந்துகொண்டே போவது இதனால்தான்.

இந்த நேரத்தில்தான் கேமரா கம்பெனிகள் பாதையை மாற்றின. கேனான் 1987-லும் நிக்கான் 1959-லும் கொண்டுவந்த லென்ஸ் பூட்டுகளை நம்பித்தான் போட்டோகிராபர்கள் ஒவ்வொரு லென்ஸாகச் சேர்த்தார்கள். 2018-ல் இரண்டு கம்பெனிகளுமே மிரர்லெஸ் கேமராவுக்காகப் புதிய பூட்டுக்குப் போய்விட்டன. பழைய லென்ஸை அடாப்டர் வைத்து மாட்டலாம், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வாடிக்கையாளர் இப்போது, "மிரர்லெஸ்தானுங்களே?" என்று கேட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கிறார். ஆல்பத்தைப் பார்த்து எந்தப் படம் எதில் எடுத்தது என்று அவரால் சொல்ல முடியாது. இருந்தாலும் கேட்கிறார். இந்தக் கேள்வி ஒன்றே ஒரு போட்டோகிராபரை இரண்டு வருடத் தவணைக்குள் தள்ளப் போதும். இதில் எனக்கு வருத்தம் உண்டு. 5டி மார்க் 3 இன்றும் அருமையான கல்யாணப் படம் எடுக்கும். அவர் பழைய கேமராவிலேயே எடுக்கட்டும், மிச்சமாகும் பணத்தில் உங்கள் ஆல்பத்துக்கு நல்ல பேப்பர் போடட்டும் என்று சொல்லும் ஒரு மாப்பிள்ளை வீட்டையாவது பார்க்க ஆசை.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி, தங்கைகள் கேட்டால், என் பதில் இது: செகண்ட் ஹேண்ட் டி.எஸ்.எல்.ஆர். ஒன்று, அதோடு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். பிளாஸ்டிக் உடம்பு, கையில் பிடித்தால் பொம்மை மாதிரி இருக்கும். பத்தாயிரம் ரூபாய் சுற்றளவில் வாங்கிவிடலாம். மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் பல மடங்கு விலையுள்ள ஜூம் லென்ஸுக்குச் சவால் விடும். வாங்கும் முன் ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று பாருங்கள், மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். வால்பாறை, ஊட்டிப் பக்கம் இருந்த லென்ஸ் என்றால் இரண்டு முறை பாருங்கள். மழை ஈரத்தில் தோல் பைக்குள் மூடிவைத்த லென்ஸில் அது எளிதாகப் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வைத்தால் வராது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டால், இரவோடு இரவாக ஸ்டூடியோக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். ஏதோ ஒரு கல்யாண குரூப்பில் மூன்றாவது வரிசையில் நிற்கும் அப்புச்சியின் முகம். பல கைகள் மாறி, ஒவ்வொரு முறையும் அளவு சுருங்கி, மூக்கும் மீசையும் ஒன்றாகக் கலந்துபோன ஒரு புள்ளி. அதைத்தான் பெரிதாக்கி, பக்கத்தில் இருப்பவரின் தோளை வெட்டிவிட்டு, காலைக்குள் பிளெக்ஸ் அடித்து, மாலை போட ஃப்ரேமும் தர வேண்டும். போன் நிறைய ஆயிரக்கணக்கில் படம் வைத்திருக்கும் வீடுகளிலிருந்தும் இப்படித்தான் வருகிறது. பேரனை எடுத்தோம், சோற்றை எடுத்தோம், காரை எடுத்தோம். திண்ணையில் உட்கார்ந்திருந்தவரைத் தனியாக ஒன்று எடுக்கவில்லை.

இந்த வாரம் எடுத்துவிடுங்கள். காலை எட்டு மணிக்குள், வாசல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். வெயில் நேராக முகத்தில் விழ வேண்டாம். வெளிச்சம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். பின்னால் துவைத்த துணி தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அளவு குறையாது. பிறகு பக்கத்து ஸ்டூடியோவுக்குப் போய் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு பிரின்ட் போட்டு வாங்கி வாருங்கள்.